குடத்தைக் கீழே வைக்காத சண்டை

மூன்று வருடங்களுக்கு முன், வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் குடியிருப்பு வாசலில் நடந்தது இது. நாடகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, என் முதல் முழுநீள நாடகத்தை ஒரு நாடகக் குழுவிடம் கொடுத்திருந்தேன். அது எடுபடாவிட்டால் பேசாமல் பி.எட். சேர்ந்துவிடுகிறேன் என்று வீட்டில் வாக்கும் கொடுத்திருந்தேன்.

நாடகத்தின் உயிரே ஒரு சண்டைதான். தண்ணீர் லாரி வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் மோதிக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கூடம் கிடைக்கவில்லை. நடிகர்களை எங்கள் வாசலுக்கே வரச் சொல்லிவிட்டேன். குடியிருப்புப் பெண்கள் மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

நடிகைகள் இருவரும் குடத்தைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, நான் பத்து நாள் இழைத்து இழைத்து எழுதிய வசனத்தைப் பேசினார்கள். கூட்டம் சிரித்தது. அழ வேண்டிய இடத்திலும் சிரித்தது.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். “இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?” என்று கத்திவிட்டேன்.

“பின்ன இன்னாம்மா?” என்றார் எதிர்வீட்டு அக்கா. “கொடத்த கீழ வச்சிட்டு சண்ட போட்டுகினு கீறாளுங்க. அதுவரிக்கும் லாரிக்காரன் நின்னுகினு இருப்பானா?”

“நானும் இங்கதானே பொறந்து வளந்தேன். எனக்குத் தெரியாதா?”

“நீ எப்ப தண்ணி புடிக்க வந்தே? காலேஜு சேந்ததுலேர்ந்து உன் கொடத்தையும் உங்கம்மாதானே தூக்கிகினு போவுது.”

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். படிக்கட்டில் நின்ற அம்மா, “படிச்சிகினு இருந்த புள்ள, உடுக்கா” என்று என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது.

மறுநாள் காலை லாரி வந்தபோது நானும் குடத்தோடு போய் நின்றேன். நல்லவேளை, சண்டை வந்தது. வாய் ஊரையே கூட்டியது, ஆனால் ஒரு கைகூட ஓயவில்லை. குழாயைப் பிடித்திருந்தவள், எதிரே நின்றவளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவளுடைய குடத்தை நிரப்பினாள். அது வழிவதற்குள் அவளுடைய இரண்டாவது குடத்துக்கும் குழாயை மாற்றிவிட்டாள்.

வசனத்தில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு அதையே மேடையில் வைத்தேன். அரங்கேற்றத்தன்று எங்கள் குடியிருப்புப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மேடையோரத்திலிருந்து பார்த்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. குழு அடுத்த நாடகத்தையும் என்னிடமே கேட்டது. பி.எட். விண்ணப்பம் இன்னும் பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது.

இப்போதெல்லாம் தண்ணீர் பிடிப்பது நான்தான். அம்மா வேண்டாம் என்பாள், நான் கேட்பதில்லை. குடத்தோடு இரண்டாவது மாடியில் மூச்சுவாங்க நிற்கும்போதெல்லாம், நான் உட்கார்ந்து எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அம்மா இந்தப் படிகளை ஏறியிருக்கிறாள் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.