பூனை முதலில் வந்த வீடு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்று வளர்த்தது ஏழு. எட்டாவதாக வந்தது பூனை. பெறாததை ஏன் சேர்க்கிறாய் என்கிறாள் மகள். வளர்த்தவள் நான், சேர்ப்பேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும். பின்வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

பூனை வந்தது முஹர்ரம் பத்தாம் நாள். விடியலில் சுபுஹு தொழுது முடித்துத் திரும்பினால், விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் உடம்பு, நான்கு பாதமும் வெள்ளை. அன்று எனக்கு நோன்பு, அதனால் என் பால் அதற்குப் போனது. அதோடு வீடும் போனது. ஏழு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள், அது நாற்காலியில் தூங்கினால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் பாதத்து வெள்ளை போய்விட்டது. நம் வீட்டுப் பால் உடம்பில் சேர்ந்து நிறம் மாறிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

ஒரு குறைதான். வெள்ளிக்கிழமையானால் நெற்றியில் சிவப்பாக ஒரு திட்டோடு வரும். சண்டையில் பட்ட காயம் என்று மஞ்சள் குழைத்துப் பூசி, பிஸ்மி சொல்லி ஊதிவிடுவேன். மறுநாளே ஆறிவிடும். என் கைராசியைத் தெருவில் தெரியாதவர் இல்லை.

இந்த வருஷம் அதே பிறை பத்து வந்தது. பூனைக்கு ஒரு வருஷம் என்று சேமியாப் பாயசம் காய்ச்சித் தெருவில் கொடுத்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு பேத்தியோடு போனேன். நோன்பு திறக்க அரைமணி இருந்தது. அங்கே ஊஞ்சலில் கால் நீட்டிப் படுத்திருந்தது என் பூனை. என்னைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தது, மூடிக்கொண்டது.

அந்த அம்மா என்னைவிடப் பத்து வயது சிறியவள். "எங்க பூனதான்க்கா," என்றாள். "வெள்ளிக்கிழமை வெளக்கேத்தி, அதுக்குப் பொட்டு வெச்சாதான் எடத்த வுட்டு நகரும். சனிக்கிழமை பாத்தா அது மேல யாரோ மஞ்சளப் பூசி வுட்டுர்றாங்க. எவ வேலைன்னு தெரியல."

பாயசத் தூக்கை நீட்டினேன். "எங்க வூட்டுக்கு வந்து இன்னியோட ஒரு வருஷம்மா," என்றேன்.

"எங்களுக்கு இன்னும் ஆவலக்கா. ஆடி ஒண்ணாந்தேதி வந்துச்சு. அதுக்குப் பத்து நாளுக்கு மேல கெடக்கே."

அப்படியென்றால் நாங்கள்தான் முதல். நெஞ்சு நிமிர்ந்தது. பேத்திக்குப் பொறுக்கவில்லை. போனைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறைக் கணக்கில் வருஷம் பதினோரு நாள் குறையும், போன வருஷம் முஹர்ரம் பத்தும் ஆடி ஒன்றும் ஒரே நாள்தான் என்று சொன்னாள். இவளைப் படிக்க வைத்ததும் நான்தான்.

"ஒரே நாளுன்னா, எந்நேரம்?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"விடியக்காத்தால. ஆடிப் பொறப்பாச்சேன்னு வாசல் நெறைய அரிசி மாவுல கோலம் போட்டேன். நட்டநடுவுல நடந்து போச்சுக்கா. நாலு காலும் மாவு. உங்க வூட்டுக்கு எப்ப வந்துச்சு?"

நோன்பு வாயால் பொய் சொல்லக் கூடாது. பாயசம் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கம் மீன் விற்க வரும் வீராம்பட்டினத்து மீன்காரியிடம் கேட்டால், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரே பூனைக்கு இரண்டு வீட்டிலும் மீன் போகிறது, அவள் ஏன் சொல்கிறாள். ஆடி ஒன்றுக்குப் பின்வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. கூடவே, எந்நேரம் என்று சொல்லவேயில்லையே அக்கா என்ற கேள்வியும் வந்தது. பொங்கல் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டேன். வாம்மா, எழுதினத ஒரு தடவ சத்தமா படிச்சுக் காட்டு. அந்தப் பாதம் வெள்ளைன்னு வர்ற எடத்தயும், கோலமாவு எடத்தயும் மட்டும் கொரலக் கொறச்சுப் படி. கொல்லப்பக்கத்து ஜன்னல் தெறந்திருக்கு.