நர்மதா பதில் குரல் கொடுக்காத ஞாயிறு

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப்புறம் ஒரு கரடு இருக்கிறது. ஏற்காட்டைப் பார்த்தவர்களுக்கு அதை மலை என்று சொல்ல வாய் வராது. பாறை, உண்ணிச்செடி, நாலைந்து வேப்பமரம், உச்சியில் வேலோடு நிற்கும் ஒரு முனியப்பன், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், சேலத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து வரிசையாக நிற்பார்கள். மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள் தம் காலால் நடந்து உச்சியைத் தொட்டுத் திரும்ப, சுற்றுவட்டாரத்தில் இதைவிடத் தோதான பாதை கிடையாது. அதைத் தோதாக்கியவள் நர்மதா. இந்த வருஷம் வைகாசிக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

நர்மதா பால்வாடி டீச்சர். நாற்பதைத் தொட்டுவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகத்தில் செவ்வாய் என்றார்கள், அப்புறம் வயது என்றார்கள், கடைசியில் கையில் குழந்தை என்றார்கள். குழந்தை அவளுடையது இல்லை, தம்பி ஜெகதீஸ்வரனுடையது. ஊர் வாய்க்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

தம்பியின் முதல் மனைவி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது தமிழினி கைக்குழந்தை. ஜெகதீஸ்வரனுக்குத் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை. கடையிலேயே படுத்து, ஓட்டலில் சாப்பிடுகிறவன் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போட்டான். "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கக்கா," என்றான். அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருஷமாக நீண்டது. நடுவில் ராசிபுரத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. குழந்தையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரட்டும் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த பூ, பழப் பையை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள் நர்மதா. அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கரடு ஏறும் பழக்கம் தமிழினியால் வந்தது. அந்தக் குழந்தைக்கு வீட்டுக்குள் சோறு இறங்காது, தூக்கம் வராது. வெளியே தூக்கிப் போனால் இரண்டும் நடக்கும். தூக்கிப் போகிறவள் ஏரிக்கரையோடு நிற்காமல் கரட்டில் ஏறினாள். குழந்தைக்கு நடை பழகியதும் இறக்கிவிட்டாள். அதைப் பார்த்து பால்வாடித் தாய்மார்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ போனில் படம்பிடித்துப் போட்டார்கள், டவுன்காரர்கள் வந்தார்கள். பாட்டுப் பெட்டியும் சிப்ஸ் பொட்டலமுமாக வந்தவர்களை நர்மதா அடிவாரத்திலேயே நிறுத்தி, பெட்டியைக் காரில் வைத்துப் பூட்டச் சொல்வாள். யாராயிருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்வாள்.

அவளுடைய முறைகள் அலாதியானவை. முதல் நாளே தனியாகப் போய்ப் பாதை பார்த்துவருவாள். நின்றுகொண்டு பார்க்கமாட்டாள், குந்தியபடியே நகர்ந்து பார்ப்பாள். பெரியவர்களின் முழங்காலை உரசுகிற முள் பிள்ளைகளின் கண்ணைக் குத்தும் என்பாள். சூரியன் பாறையைச் சுடுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். "இன்னுங் கொஞ்ச தூரந்தான்" என்று எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லக்கூடாது, ஒரு தடவை ஏமாந்த பிள்ளை மறுபடி நம்பாது. பாதை வளைகிற இடத்தில் ஆள் மறைந்தால் பிள்ளை "ஓய்" என்று கூப்பிட வேண்டும், முன்னால் போனவர் "ஓய்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "கூப்புட்டா ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், புள்ளைக எந்த மலையும் ஏறிரும்," என்பாள். தமிழினி கூப்பிட்டு அவள் பதில் கொடுக்காமல் இருந்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான், அடுப்படியில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும்.

போன தை மாதம் ஜெகதீஸ்வரனுக்கு மறு கல்யாணம் நடந்தது. பெண்ணை முன்னால் நின்று பேசி முடித்ததே நர்மதாதான். ஸ்ரீதேவி திருச்செங்கோட்டில் ஒரு காலேஜில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். நல்ல பெண், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பொம்மையோடும் பிஸ்கட்டோடும் வாராவாரம் வருவாள். தமிழினி அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீதேவி இழுக்கமாட்டாள், அதட்டமாட்டாள், தள்ளி உட்கார்ந்து நர்மதாவோடு சேர்ந்து கடலைக்காய் உரிப்பாள். ஒரு தடவை குழந்தையைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். மல்லூர் தாண்டுவதற்குள் அழுது அழுது வாந்தி எடுத்து, காய்ச்சலோடு திரும்பி வந்தது.

திருச்செங்கோட்டில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"நீ கண்ணு முன்னால இருக்கற வரைக்கும் அது யார்கிட்டயும் ஒட்டாதுக்கா," என்றான் ஜெகதீஸ்வரன். குற்றமாகச் சொல்லவில்லை, அதனால்தான் நர்மதாவுக்குக் கூடுதலாக வலித்தது.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் ஒரு வழி சொன்னாள். "ஊருக்குப் போறன்னு சொல்லிப்போட்டு நாலு நாள் எங்க ஊட்டுல வந்து ஒளிஞ்சுக்க கண்ணு. அழுது ஓஞ்சுட்டுப் போயிரும்."

"பொய் சொல்லிப் பிரிக்கற வேல எனக்கு வேண்டாமுங்க அக்கா," என்று எழுந்துவிட்டாள் நர்மதா.

எத்தனையோ பிள்ளைகளைக் கரட்டில் ஏற்றியவளுக்கு அந்தக் கரடுதான் நினைவுக்கு வந்தது. பாதி வழியில் ஒரு வழுக்குப்பாறை உண்டு. எப்பேர்ப்பட்ட வீம்புக்காரப் பிள்ளையும் அங்கே ஒரு கையைப் பிடித்தே ஆக வேண்டும். அங்கே பிடித்த கையைப் பிள்ளைகள் இறங்குகிற வரைக்கும் விடுவதில்லை என்பது அவள் கண்ட அனுபவம். எப்போதும் தன் கையைப் பிடிக்கிற அந்த இடத்தில், ஒரே ஒரு நாள், ஸ்ரீதேவியின் கை இருக்கட்டும். இதில் பொய் எங்கே இருக்கிறது? அப்படித்தான் அவள் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகராசி, கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த ஞாயிறு வேறு யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தமிழினியின் துணிமணியெல்லாம் கட்டிக் காரில் வைத்தாயிற்று. நல்லபடியாக நடந்தால் அடிவாரத்திலிருந்து அப்படியே திருச்செங்கோடு. ஜெகதீஸ்வரனைக் கார் அருகிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மூன்று பேரும் ஏறினார்கள். பொரியும் வெல்லமும் ஸ்ரீதேவியின் பையில் இருந்தது, அதுவும் நர்மதாவின் ஏற்பாடுதான். குழந்தை அத்தையின் விரலை விடவில்லை.

வழுக்குப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் நர்மதா விரலை உருவிக்கொண்டாள். "நான் முன்னால போயி முள்ளு கெடக்குதான்னு பாத்துட்டு வாரேன் சாமி. நீ மெதுவா வா," என்றாள். சொன்னவள் பாறையில் விறுவிறுவென்று ஏறி, மேலே இரண்டு குண்டுப்பாறைகள் சாய்ந்து நிற்கிற இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஓய்," என்றது குழந்தை கீழேயிருந்து.

நர்மதா வாயைத் திறக்கவில்லை.

"ஓய்... அத்தெ..."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு முழுக்கப் பிள்ளையிடம் ஓடு ஓடு என்றது. இத்தனை வருஷம் பழகிய தொண்டை அது, தானாகப் பதில் சொல்லிவிடும்போல இருந்தது. விரலைக் கடித்துக்கொண்டாள்.

"அத்தெ, எனக்கு வளுக்குது. அத்தெ..."

அப்புறம் அழுகை. அழுகைக்கு நடுவே ஸ்ரீதேவியின் குரல். "நான் இருக்கறன் கண்ணு, கையப் புடி." சர்ரென்று ஏதோ சறுக்குகிற சத்தம். நர்மதாவுக்கு உயிரே போனது. ஆனால் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது, மறுபடி கேட்கவே இல்லை. அதற்கப்புறம் குழந்தை அத்தையைக் கூப்பிடவும் இல்லை.

மேலே ஏறி வந்தபோது தமிழினி ஸ்ரீதேவியின் இடுப்பில் இருந்தாள். ஸ்ரீதேவி சறுக்கி முழங்கால் சிராய்ந்து ரத்தம் கசிந்திருந்தது, பிள்ளைமேல் ஒரு கீறல் விழவில்லை. குழந்தை இறங்கி அந்த முழங்காலுக்கு ஊதிக்கொண்டிருந்தாள்.

"கூப்புட்டனே அத்தெ," என்றாள் நிமிராமலே.

"கேக்கல சாமி," என்றாள் நர்மதா.

உச்சிக்குப் போனார்கள். முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டினார்கள். பொரியை ஸ்ரீதேவியின் கையிலிருந்து வாங்கித் தின்றாள் குழந்தை. இறங்கும்போது நர்மதா நினைத்தபடியே நடந்தது, பிடித்த கையை விடவில்லை. அவள் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்தது. கடைசியாக நடந்துவந்த நர்மதாவை ஒரு தடவைகூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் ஸ்ரீதேவி கணவனிடம் முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நர்மதா குந்தி உட்கார்ந்து குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போது தமிழினி ரகசியம் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீ அந்தப் பாறைக்குப் பின்னாலதான இருந்த. அடியில சந்து இருக்குதில்ல, உன்ர காலு தெரிஞ்சுது."

பாறை பாறையாகக் குந்திப் பார்த்தவள், அன்றைக்கு நின்றபடி ஒளிந்திருந்தாள். குழந்தை அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவளாகப் போய்க் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தியாக்கா, எவ்வளவு சமத்தாப் போறா. நீதான் வீணாப் பயந்துக்கிட்ட," என்றான் ஜெகதீஸ்வரன். அவன் கண்ணில் நன்றி தளும்பியது. அவனிடம் போய் என்னத்தைச் சொல்வது? ஸ்ரீதேவி கையெடுத்துக் கும்பிட்டாள். "வந்துட்டுப் போயிட்டு இருங்க அண்ணி," என்றாள். கார் ஏரிக்கரை திரும்பி மறைந்தது. நர்மதா வீட்டுக்கு நடந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். குழந்தை போனதற்காகக்கூட இல்லை. அழுதுகொண்டு போயிருந்தால் தாங்கியிருப்பாள். தன்னை விட்டுப் போகப் பிள்ளையைப் பழக்க நினைத்தவள், தன்னை நம்பக்கூடாது என்று பழக்கிவிட்டாள். அதை நினைத்துத்தான் நெஞ்சு வெடித்தது.

ஆடி முதல் தேதி தேங்காய் சுடும் நோம்பிக்கு மூன்று பேரும் வந்தார்கள். தமிழினி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "அத்தெ, நல்லா இருக்கீங்களா," என்று பெரிய மனுஷி மாதிரி விசாரித்தாள். பள்ளிக்கூடத்தில் தன் பெஞ்சில் யார் யார் என்று சொன்னாள். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்காமல் ஒன்றும் சொல்லவில்லை என்பதைத் தவிர.

வாசலில் நெருப்பு மூட்டினார்கள். அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் போட்டு அடைத்த தேங்காயைக் குச்சியில் குத்தி ஆளுக்கொன்று வாட்டினார்கள். நர்மதா குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீதேவி எதிர்ப்பக்கம், வேலியோரம், அங்கம்மாளோடு பேசிக்கொண்டு நின்றாள். தேங்காய் ஒன்று பட்டென்று வெடித்து, கங்கு தெறித்துத் தமிழினியின் புறங்கையில் விழுந்தது.

குழந்தை வீறிட்டு எழுந்தாள். நர்மதா இரண்டு கையையும் விரித்துவிட்டாள். எட்டினால் பிடித்துவிடலாம். தமிழினி அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விலகி, நெருப்பைச் சுற்றிக்கொண்டு அத்தனை தூரம் ஓடி, ஸ்ரீதேவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா," என்று அழுதாள்.

அங்கம்மாள் பூரித்துப்போனாள். "ஏங்கண்ணு நர்மதா, பாரு, எப்பிடி ஒட்டிக்கிச்சுன்னு. எல்லாம் உன்ர புண்ணியம்."

"ஆமாங்க அக்கா," என்றாள் நர்மதா. அவள் கேட்டது இதுதான். இதற்குத்தான் அன்றைக்கு விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். இனி அந்தக் குழந்தைக்கு எங்கே அடிபட்டாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள், அந்த ஒருத்தி நர்மதா இல்லை.

ஸ்ரீதேவி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கையை ஊதினாள். "அண்ணி, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க," என்றாள்.

நர்மதா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.