டாக்டர் மட்டும் பார்க்கும் ஃபோல்டர்

திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் பழைய கம்ப்யூட்டர் பழுதானது. முன்பே பேக்கப் எடுத்திருந்ததால் ஒரு ரிப்போர்ட்கூடத் தொலையவில்லை. எல்லார் முன்னாலும் டாக்டர் என்னைப் பாராட்டினார்.

ஆனால் ஃபைல்களை மட்டும்தான் நகலெடுத்திருந்தேன். எதை யார் திறக்கலாம் என்ற அனுமதிகளை எடுக்கவில்லை. டாக்டர் மட்டுமே பார்க்கவேண்டிய ரகசிய ரிப்போர்ட்டுகள் புதுக் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் திறந்தன. நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் வந்தாள்.

“பள்ளிப்பட்டுல மாப்ள வூட்டுக்காரங்க என் ரிப்போர்ட்ட பத்தி பேசிகினு இருக்காங்க. கல்யாணமே வேணாம்னுட்டாங்க. டாக்டர தவிர யாரும் பாக்க முடியாதுன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?”

“ஆங், யாராலயும் முடியாதும்மா” என்றேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் போனதும் அவசரமாக அனுமதிகளைச் சரிசெய்தேன்.

டாக்டர் விசாரித்ததில், ரிப்போர்ட்டைப் படித்து அவர்களிடம் சொன்னது எங்கள் லேப் வரவேற்பில் வேலைபார்த்த, மாப்பிள்ளையின் உறவுக்காரப் பெண் என்று தெரிந்தது. அவள் செய்தது தப்புதான். “எனக்கு எப்டி சார் அது தொறந்துது?” என்று அவள் அழுதபடி கேட்டபோது டாக்டர் என்னைப் பார்த்தார்.

“உங்க பாஸ்வேர்ட திருடியிருப்பா சார்” என்றேன்.

அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் டாக்டர் என்னைத் தவிர வேறு யாரையும் நம்புவதில்லை.