ஆணிவாயரின் கால் நகம்

என் மாமாவின் வாய்க்குள் பல்லைவிட ஆணி அதிகம். பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, ஸ்பாஞ்சு வைத்து, புதுத்துணி இழுத்து அடிக்கிற தொழில் அவருக்கு. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும். வலது கையில் நுனியில் காந்தம் வைத்த சுத்தியல். ஆணி எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் ஒரு பிடி குட்டை ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒன்றைப் புரட்டி உதட்டுக்குத் தள்ளும். சுத்தியலை அருகே கொண்டுபோனால் ஆணி தாவி ஒட்டிக்கொள்ளும். ஒரே தட்டு, மரத்துக்குள் போய்விடும்.

அம்மாவின் தம்பியான இந்த மனிதருக்கு 'ஆணிவாயர்' என்று பட்டம் சூட்டியவன் நான். தெருவெல்லாம் பரப்பியவனும் நான்தான். வாயில் ஆணி இருக்கும்போது அவரால் 'ம்ம்' என்றுதான் சொல்ல முடியும். வாடிக்கையாளருக்கு அதை மொழிபெயர்க்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

"என்னப்பா சொல்றாரு?"

"வீட்ல மனுசங்க மட்டும்தான் உக்காந்தீங்களா, இல்ல மாட்டையும் கட்டிப் போட்டீங்களான்னு கேக்குறாரு."

மாமா கண்ணை உருட்டுவார், தலையை ஆட்டுவார். வாய் காலியாகும் வரை மறுப்புச் சொல்ல வழியில்லை.

உறை தைப்பது அம்மா. முன்னறையில் சுத்தியல், உள்ளறையில் தையல் மிஷின். சுத்தியல் நின்றால் மிஷினும் நிற்கும். அம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பாள். மாமா குனிந்து துணியை வெட்டிக்கொண்டிருப்பார். மிஷின் மறுபடி ஓடும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

காரணம் மாமாவின் இதயம். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம். அது போகிறபோது இதயத்தின் வால்வு ஒன்றைச் சரியாக மூடாமல் செய்துவிட்டுப் போயிற்று. அப்போது பார்த்த டாக்டர், "பல்லுக்கு வைத்தியம் பண்றதுக்கு முன்னாடி இதய விஷயத்தைச் சொல்லிடுங்க" என்றாராம். அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் வருடக்கணக்காகப் புழங்கித் தேய்ந்து, "இவன் பல்லுல யாரும் கை வைக்கக் கூடாது, வச்சா நெஞ்சு நின்னுடும்" என்று ஆகிவிட்டது. யாரும் கை வைக்கவில்லை. ஆணிகளைத் தவிர. காலையில் வாய் கொப்பளித்தால் தொட்டியில் சிவப்பாக ஓடும். அதை நாங்கள் தினமும் பார்த்தோம், அதனாலேயே பார்க்கவில்லை. வலப்பக்கக் கடைவாய்ப்பல் பாதியாக உடைந்து ஈறு வீங்கியபோது ஆணிகளை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் வைத்தியம்.

அப்புறம் சாயங்காலக் காய்ச்சல் ஆரம்பித்தது. நடுங்குவார், மாத்திரை போடுவார், சட்டை நனைய வேர்ப்பார், காலையில் வேலைக்கு உட்காருவார். "எல்லாம் ஸ்பாஞ்சுத் தூசிதான், அக்கா" என்பார் அம்மாவிடம். சட்டை தொளதொளவென்று ஆனது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே மூச்சு வாங்கினார். உள்ளறை மிஷின் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

ஒரு ஞாயிறு மத்தியானம், முடித்து வைத்த சோபாவிலேயே படுத்துத் தூங்கிப்போனார். வெறுங்கால் என் பக்கம் நீட்டியிருந்தது. விடுவேனா? என் அக்காவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து கட்டைவிரலில் தொடங்கினேன். மூன்று விரல் முடிந்தது. நான்காவதில் கை நின்றது. நகத்துக்கு அடியில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடு, மரச்சிராய் ஏறினாற்போல. அடுத்த விரலில் இரண்டு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

கைவிரல் நகங்களிலும் இதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டபோது, "சுத்தியல் பட்டுருச்சு" என்றிருந்தார்.

காலில் யார் சுத்தியலால் அடித்துக்கொள்வார்கள்?

"அம்மா, இங்க வா."

என் குரலில் கேலி இல்லாததாலோ என்னவோ அம்மா ஓடி வந்தாள். பார்த்தாள். நகப்பூச்சுக்காகத் திட்டவில்லை.

"டேய், எழுந்திரு. கால்லயுமா அடிச்சுக்கிட்ட?"

மாமா கண் விழித்தார். "சோபா மிதிச்சிருக்கும்க்கா" என்று சிரிக்கப் பார்த்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

பக்கத்துக் கடைக்காரரின் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம். டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கை நகம், கால் நகம், கடைசியாக வாய். திறந்ததும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தப் பூச்சு யார் வேலை?"

நான் கையைத் தூக்கினேன்.

"முதல்ல இந்தக் கோட்டைப் பாத்தது?"

அதற்கும் தூக்கினேன்.

"நல்லவேளை, மிச்ச விரலுக்கும் பூசல" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி வந்து டாக்டரம்மா சொன்னது இதுதான். அழுகின பல், கிழிந்த ஈறு, அது வழியே கிருமி ரத்தத்தில் ஏறி, ஏற்கெனவே பழுதான வால்வில் ஒட்டிக் கொத்தாக வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து தெறித்த துணுக்குகள் மெல்லிய ரத்தக்குழாய்களில் அடைத்துத்தான் நகத்தடியில் கோடு.

"பல்லைத் தொட்டா நெஞ்சு நின்னுடும்னுதானே..." என்றாள் அம்மா.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்க மாட்டாங்கம்மா. சொல்லிட்டுத் தொடுங்கன்னு சொல்லியிருப்பாங்க. தொடாம விட்டதுதான் இது."

அம்மா திரும்பி மாமாவின் வலப்பக்கக் கன்னத்தைப் பார்த்தாள்.

அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "போகாம இருக்கத்தான் மருந்து ஏத்துறோம். வாரக்கணக்குல ஏத்தணும். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாம முழிச்சாலோ உடனே கூப்பிடுங்க" என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து வார்டுக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வி ஒன்றே.

"நான் யாரு?"

"குரங்கு" என்பார் மாமா. பேச்சு தெளிவு, ஆளும் தெரிகிறது. எனக்கு மூச்சு வரும். அப்புறம் போர்வையைத் தூக்கிக் கால் நகங்களைப் பார்ப்பேன்.

ஒரு நாள் கேட்டேன், பதில் வரவில்லை. என்னைப் பார்த்தார். யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. "மாமா? மாமா, நான் யாரு?" உதடு மட்டும் அசைந்தது. நர்ஸைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினேன்.

"குரங்கு" என்றார் நிதானமாக. "மூணு விரல்ல பூசினதுக்குக் கணக்கு தீந்துச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் ஸ்பாஞ்சுத் தூசி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்பாஞ்சு ஏது என்று கேட்காதீர்கள். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, ஊசி குத்தாத கையால் என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அவரும் பயந்துதான் கிடக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அங்கேயே, மருந்து கொடுத்த பிறகு, கெட்டுப்போன பற்களைப் பிடுங்கினார்கள். நெஞ்சு நிற்கவில்லை. கிருமி போய்விட்டது. வால்வு முன்னைவிட அதிகம் கசிகிறதாம். இன்னும் மோசமானால் மாற்ற வேண்டுமாம். பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது ஆணிகள் எவர்சில்வர் கிண்ணத்தில். வாய் காலியாக இருப்பதால் பேசித் தீர்க்கிறார். என் மொழிபெயர்ப்பு வேலை போயிற்று. ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் சுத்தியல் கிண்ணம்வரை போய்வர வேண்டும். ஒரு தட்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அடுத்த தட்டு.

அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அம்மாவின் கால் மிஷின் பெடலில் அசையாமல் இருக்கும். நானும் எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.