செல்வி அக்காவின் ரகசியம்

மகன் பிறந்த பிறகு ஏறிய எடையைக் குறைக்க, சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் தினமும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். கொழுந்து பறிக்கப் போகும் அடுத்த வீட்டுச் செல்வி அக்காவும் துணைக்கு வந்தார்.

இரவில் சோற்றை விட்டுக் கோதுமைக் கஞ்சிக்கு மாறியும், மாதத்துக்கு அரைக் கிலோ குறைவதே பெரும்பாடாக இருந்தது. அதுவே போதும் என்றார் டாக்டர். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவுக்கோ ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

"என்னக்கா ரகசியம்? எங்கிட்ட மறைக்கிறீங்கள்ல?" என்று ஒருநாள் கடுகடுப்பாகவே கேட்டேன்.

"மூணு வேளையும் சோறுதான்டி திங்கிறேன். உன் கண்ணு பட்டுத்தான் எளைக்கிறேன் போல" என்று சிரித்தார்.

அன்று மாலை மகனுடன் கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கடந்தேன். "என்ன செல்வி, இன்னைக்கும் கொழுந்து கொறைவா இருக்கு?" என்று சூப்பர்வைசர் சலித்துக்கொண்டார்.

"மேட்டுல ஏறவே முடியலைங்கய்யா, மூச்சு வாங்குது" என்றார் அக்கா.

அதைக் கேட்டும், என் கண் அவருடைய ஒடுங்கிய இடுப்பில்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அக்காவைப் பரிசோதித்தபோது வயிற்றில் கட்டி முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரகசியம் கேட்டேல்ல, இதான்டி" என்று அப்போதும் கேலி செய்தார். அடுத்த மழைக்காலம் வரை அவர் இருக்கவில்லை.

இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். மூச்சு வாங்குது என்ற அன்றே அவரை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாமோ என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போன மாதம் எடை மெஷின் பழைய எண்ணையே காட்டியது. முன்பென்றால் அழுதிருப்பேன். இந்த முறை நிம்மதியாக இறங்கி, மகனுக்குச் சோறு பிசையப் போனேன்.