கரைமேல் கிடந்த முள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு போன். தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என நினைத்துத்தான் எடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம கொளத்துக் கரையில சைக்கிள் விட்டது நீங்கதானா?"

பெண் குரல். நல்ல கோபத்தில் இருந்தது.

"ஆமா. நீங்க ஆரும்மா?"

"கரையில முள்ளு கெடந்துச்சே… அத எடுத்தது ஆரு?"

"நாந்தாம்மா. டயர்ல குத்திரும்னு…"

"குத்தட்டும்னுதானய்யா போட்டிருக்கு! வந்து பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கியன்னு."

வைத்துவிட்டார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு மலைப் பாதையில் சைக்கிள் விடுவதைப் பற்றி எழுதுகிறீர்களே, இங்கே மலை ஏது என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஊருக்குள் நின்று பார்த்தால் மலை மேற்கே ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். ஆனால் விடியுமுன் கிளம்பி அந்தப் பக்கமே மிதியுங்கள். வாசுதேவநல்லூர் நெருங்க நெருங்க அந்தக் கோடு எழுந்து நிற்கும். ராஜபாளையம் ரோட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். பிறகு எலுமிச்சைத் தோப்பு, தென்னந்தோப்பு, கல் பாதை… அதன் முடிவில் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் மரம் அடர்ந்த சரிவு. காலையில் மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். சத்தம் என்று பார்த்தால் நாரைகளும் நம்முடைய செயினும்தான்.

வனத்துறை போர்டு வந்ததும் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் யானைக்கு வழி, நமக்கு அபராதம்.

குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நீங்களும் வந்து நிற்பீர்கள். ஆறு பேர் போய்ச் செய்ததே போதும்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அப்புறம் பதினோரு வருடம் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போனேன். படுக்கை லாரிக்கு அடியில், சாப்பாடு கிடைத்த நேரத்தில். அதில் கற்றது ஒன்றே ஒன்று — பாதை. எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுவேன். அதனால் ஞாயிறு சவாரியில் எப்போதும் நான்தான் முன்னால் போகிறவன்.

சவாரியை ஆரம்பித்தது செல்வின். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஒரு மோட்டார் பைக்கின் விலைக்கு மவுன்டன் பைக் வாங்கி, தனியாகப் போகப் பயந்து என்னைப் பிடித்தவன். மற்ற நாலு பேரும் திருநெல்வேலிக்காரர்கள், ஆபீஸ் உத்தியோகம். என்னுடையது செகண்ட் ஹேண்ட். முன்பக்க சஸ்பென்ஷனில் எண்ணெய் கசியும்.

அந்த ஞாயிறு குளத்துக் கரையில் ஏறினோம். அதற்கு முந்திய வாரம் நல்ல மழை பெய்திருந்தது. குளம் முக்கால் நிறைந்திருந்தது. கரையின் பாதி தூரத்தில், குறுக்கே நாலைந்து கருவேல முள் கொப்புகள் கிடந்தன.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. வழியில் முள் கிடந்தால் முன்னால் போகிறவன் இறங்கி அகற்ற வேண்டும். பின்னால் வருகிறவன் டயரைக் காப்பாற்றுவது அவன் பொறுப்பு. இறங்கினேன். ஒரு கம்பால் நெம்பி, எல்லாவற்றையும் சரிவில் தள்ளிவிட்டேன். செல்வின் அதை வீடியோ எடுத்து, 'அண்ணாச்சியின் சமூக சேவை' என்று குரூப்பில் போட்டான்.

அந்த இடத்தில் மண் புட்டு மாதிரி இருந்தது. டயர் இறங்கி இறங்கி ஏறியது. ஆறு பேரும் போனோம். வீடியோ சரியாக வரவில்லை என்று இரண்டு பேர் திரும்பி வந்து இன்னொரு தடவை போனார்கள். குளத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் இட்லி சாப்பிட்டோம். அடுத்த வாரமும் வருவோம் என்று செல்வின் என் நம்பரை அங்கே கொடுத்தான். போன் வந்தது அந்த வழியில்தான்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். புட்டு மாதிரி இருந்த அந்த மண் இப்போதுதான் உறைத்தது. செல்வினுக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, இன்னிக்கு கடைக்கு லோடு வருது…"

"ஏலே, நம்மாலே ஒரு கரை போவப் போவுது. லோடு நாளைக்கும் வரும்."

கடையின் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். பின்னால் எங்கள் இரண்டு சைக்கிள்கள். கரைமேல் ஆட்டோ ஏறாது, சைக்கிள் உதவும் என்பது செல்வின் யோசனை.

போன் செய்தவர் பெயர் பேச்சியம்மாள். கரைக்கு நேர் கீழே குத்தகைக்கு ஒரு ஏக்கர் நெல் போட்டிருக்கிறார். நட்டு இருபத்தைந்து நாள். பயிர் அப்போதுதான் பச்சை பிடித்து நின்றது. பத்து நாளுக்கு முந்திய மழையில் கரை அந்த இடத்தில் அரித்துவிட்டது. அவரும் பக்கத்து வயல்காரர்களும் மூன்று நாள் மண் சுமந்து அடைத்திருக்கிறார்கள். புது மண் இறுகும்வரை யாரும் மிதிக்கக்கூடாது என்றுதான் முள்.

"முள்ளு கெடந்தா கரை இன்னும் ஆறலன்னு அர்த்தம். மாடு வந்து பாத்துட்டுத் திரும்பிப் போவுது அண்ணாச்சி. மாட்டுக்குத் தெரியுது…"

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கரையைப் பார்த்தேன். திங்கட்கிழமை தூறிய தூறலுக்கே எங்கள் டயர் தடங்கள் வாய்க்காலாகிவிட்டன. ஒரு சாண் ஆழம். தண்ணீர்ப் பக்கம் ஒரு பாளம் சரிந்து விழுந்திருந்தது. பெரிய மழை வந்தால் அந்தத் தடத்தில் ஓடும் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும்.

"ஒடைஞ்சா மொதல்ல மண்ணு மூடுதது என் வயலுதான்" என்றார். "பெறகு இந்தப் போகத்துக்கு ஆருக்கும் தண்ணி இல்ல."

மேற்கே மேகம் கட்டியிருந்தது. கூட மண் சுமந்தவர்கள் நடவுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம்தான் திரும்புவார்கள். மழை அதுவரை பொறுக்குமா?

செல்வின் தொண்டையைச் செருமினான்.

"யக்கா, நா ரெண்டு மூடை சிமெண்டு தாரேன். பூசிவிட்டா கல்லு மாரி நிக்கும்."

"மண்ணு கரைக்கு சிமெண்டா? மண்ணு கீழ எறங்கும், ஒன் சிமெண்டு மட்டும் பாலம் மாரி அந்தரத்துல நிக்கும். அதுல நீ சைக்கிள் விடு. காலிச் சாக்கு இருந்தாத் தா."

காலிச் சாக்கு ஆட்டோவில் ஒரு கட்டு இருந்தது. மண் இடிக்கிற திமுசுக்கட்டையும் இருந்தது. ஹார்டுவேர்காரன் நட்பு வீண்போகாது.

வயலோரம் மேட்டில் மண் வெட்டிச் சாக்கில் நிரப்பினோம். இப்போது கரைக்குக் கொண்டு போக வேண்டும். செல்வின் தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். சாக்கை எங்கே வைப்பது? சீட்டில் வைத்தால் சரிந்தது. ஹேண்டில்பாரில் வைத்தால் சைக்கிளே குப்புற விழுந்தது.

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுல ஏன் கேரியர் இல்ல?"

"வெயிட் கூடிரும்க்கா."

"வெயிட்டு ஏத்ததுக்குத்தானய்யா சைக்கிளு!"

அவர் வீட்டுக்காரருடைய பழைய கறுப்பு சைக்கிள் தென்னை மரத்தடியில் நின்றது. பிரேக் கிடையாது. ஒரு நடைக்கு இரண்டு சாக்கு ஏற்றியது. எங்கள் இரண்டு மவுன்டன் பைக்குகளும் அன்று முழுவதும் வேடிக்கை பார்த்தன.

தடத்தை அப்படியே மண் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். அது பிடிக்காதாம். முதலில் பக்கங்களைக் கொத்திவிட வேண்டும். அப்புறம் கொஞ்சம் மண் போட்டு இடி, மறுபடி கொஞ்சம் போட்டு இடி. தண்ணீர்ப் பக்கம் சரிந்த இடத்தில் சாக்குகளை அடுக்கினோம். பதினோரு மணிக்கு செல்வினின் உள்ளங்கை கொப்பளித்தது. ஒரு மணிக்கு அவன் பேச்சு நின்றது. அவனை எனக்கு நாலு வருடமாகத் தெரியும். பேச்சு நின்றது அன்றுதான்.

மூன்றரைக்கு முடிந்தது. நான் தள்ளிவிட்ட கொப்புகளை நானே சரிவில் இறங்கி இழுத்து வந்து குறுக்கே போட்டேன். கையில் மூன்று முள் ஏறியது. இரண்டு வந்துவிட்டன.

நான்கு மணிக்கு மழை தொடங்கியது. ஆட்டோவில் திரும்பும்போது வைப்பர் போதவில்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகும் அடித்தது.

"அண்ணாச்சி, அங்கனயும் பெய்யுமா?" என்று கேட்டான் செல்வின்.

மலையடிவாரம். இங்கே இப்படிப் பெய்தால் அங்கே கேட்கவா வேண்டும்? சைக்கிளை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எத்தனையோ ஊரில் துளை போட்டுவிட்டு, தண்ணீர் வந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட நிற்காமல் அடுத்த ஊருக்கு லாரி ஏறியவன் நான். ஒரு ஏக்கர் நெல்லுக்காக மழையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் ஒன்று புரிந்தது. ஆள் இல்லாத பாதை என்று நாம் ஆசையாகத் தேடிப் போகிறோமே, அப்படி ஒன்று கிடையாது. அங்கே யாரோ வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் நாம் போய்ச் சேர்கிறோம். அமைதியாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நானே போன் செய்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவைதான் எடுத்தார்.

"கரை…?" என்றேன்.

"நிக்கி அண்ணாச்சி. வயல்ல பொட்டு மண்ணு வரல. அங்கனதான் நிக்கேன்."

இனி அந்தப் பக்கம் வர மாட்டோம், போன் மேப்பில் இருந்த ரூட்டை அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"வராம இருந்தா எப்பிடி? தெக்க ஒரு எடத்துல லேசா அரிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம ஆறு பேரும் வந்துருங்க. சைக்கிள விட்டுட்டு, ஆளுக்கு ஒரு மம்பட்டி கொண்டாங்க."