தவமணி அக்கா வரைந்த தாப்பிர்

தவமணி அக்கா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில், ஒரு குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே வந்தது. கிள்ளான் ஸ்டேசனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். விளக்குக்கு இரு பக்கமும் யாரோ வெள்ளைப் புறாக்களை ஒட்டியிருந்தார்கள். "புறாவுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?" என்று அக்கா கேட்டிருப்பார். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பங்சாரில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் இருவரும் கட்டட வரைபடம் போட்டோம். விடுமுறை நாட்களில் அக்கா கோயில் தேர்களில் உள்ள மரச்சிற்பங்களை வரைவார். கார் ஓட்டுவது நான். செதுக்கிய விலங்கு எதைக் குறிக்கிறது என்று யாராவது விளக்கத் தொடங்கினால் அவர் கேட்பது ஒன்றுதான்: "நீங்க பாத்தீங்களா?"

கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டக் கோயில். தேரின் அடிப்பலகையில் ஒரு மிருகம் இருந்தது. குட்டைத் துதிக்கை, பருத்த உடம்பு. முன்பாதியும் கால்களும் கறுப்பு. முதுகும் வயிறும் வண்ணம் படாத வெறும் மரம்.

"யாளிம்மா. ஆணவத்த அடக்குறது" என்றார் பூசாரி.

அக்கா தரையில் உட்கார்ந்து அதன் பாதங்களைத் தடவினார். "முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல மூணு. ஆணவத்துக்கு யாரு சாமி விரல் எண்ணி வச்சா? இது தாப்பிர், நம்ம மலாயாக் காட்டு மிருகம். செஞ்சவரு பால்மரக் காட்டுல பாத்திருக்காரு, செஞ்சிட்டாரு."

பூசாரி சிரித்துவிட்டார். "ஆமாம்மா, முன்ன எங்க லயத்துப் பக்கமே வரும்லா."

வரைந்தபோது அக்கா அதன் நடு உடம்பில் பென்சிலே வைக்கவில்லை. தாப்பிருக்கு அந்த இடம் வெள்ளைதான் என்று தாளின் வெள்ளையை அப்படியே விட்டார். அவர் வரைந்தவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அந்தப் படத்தை மேடையில் பார்த்திருப்பீர்கள். மிருகம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஏதோ பிரதி எடுத்ததில் கோளாறு என்று கிட்டே போய்ப் பார்த்தேன். அக்கா கையால் வரைந்த தாளிலேயே மை பூசியிருந்தார்கள்.

ஏற்பாட்டாளரைக் கேட்டேன். "பாதியிலயே விட்டுட்டுப் போய்ட்டாங்க, பாவம். நாங்க முடிச்சு வச்சோம், அண்ணே" என்றார்.

செத்தவர் கைவேலைக்கு மேலே கிறுக்கிவிட்டு அதற்குப் பாவம் என்று பெயர். போதாக்குறைக்குக் கூட்டத் தலைவர் மைக்கைப் பிடித்து, இது வராகம், பூமியை மீட்ட பன்றி, அம்மையாரின் ஆன்மிகத் தேடல் என்று நீட்டி முழக்கினார். நீங்களும் கைதட்டினீர்கள். பன்றிக்கு எப்போது துதிக்கை முளைத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது அந்தத் தோட்டக் கோயில் நிர்வாகத்தில் ஒருவர் என் தோளில் கை போட்டார். "ஞாயித்துக்கிழம தேருக்கு பெயிண்ட் அடிக்கிறோம், பாஸ். நடுவுல விட்டுப்போன எடத்தையும் கறுப்பாக்கிடுவோம்லா. படத்துல இருக்குற மாதிரியே."

தாள் போய்விட்டது. அதை இனி யாராலும் மீட்க முடியாது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். ஞாயிறு காலை தேர்க்கொட்டகையில், அந்தப் பலகைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அக்காவை அறிந்தவர்கள் வந்தால் பக்கத்தில் இடமிருக்கிறது. பெயிண்ட் டின்னோடு வருகிறவர் என்னை நகரச் சொல்வார். நான் கேட்பேன்: "நீங்க பாத்தீங்களா?"